மடியில் ஒரு விளையாட்டுப் பெட்டி

"இந்த வயசுல என்ன விளையாட்டு வேண்டிக்கிடக்கு?" என்று என்னைக் கேட்காதவர்கள் எங்கள் தெருவில் பாக்கி இல்லை. எனக்கு 46 வயது. மதியம் சாப்பாட்டுக் கடை ஓய்ந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, தினமும் முக்கால் மணி நேரம் நான் வீடியோ கேம் ஆடுகிறேன். ஒளித்து மறைத்து அல்ல. நடு வீட்டில், மின்விசிறிக்கு நேராக, சுவரில் சாய்ந்துகொண்டு ஆடுகிறேன். சகோதரிகளில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். சிரித்துவிட்டே படியுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

முதலில் அந்தப் பெட்டி என்னவென்று சொல்லிவிடுகிறேன். கையடக்கக் கம்ப்யூட்டர் என்கிறார்கள். ஏழு அங்குலத் திரை. அதற்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. இடது கட்டைவிரலுக்கு ஒரு குமிழ், வலது கட்டைவிரலுக்கு ஒரு குமிழ், அது போக அம்புக்குறி போட்ட பொத்தான்களும் நாலு எழுத்துப் பொத்தான்களும். மேல் விளிம்பில் ஆள்காட்டி விரல்களுக்கு விசைகள். எடை அறுநூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே. அமெரிக்காவில் வால்வ் என்ற கம்பெனி 2022 பிப்ரவரியில் 'ஸ்டீம் டெக்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் அசூஸ் கம்பெனியின் 'ஆர்.ஓ.ஜி. அலை' வந்தது. அது 2023 ஜூலையில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தபோது விலை 69,990 ரூபாய். மயக்கம் போட்டுவிடாதீர்கள்! அன்றைய விலைக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பவுன். எங்கள் வீட்டுக்கு வந்த பெட்டி, பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் கூட வேலை பார்க்கிற ஒருவரிடம் பாதி விலைக்கு வாங்கியது. முழு விலை கொடுத்து வாங்கியிருந்தால் நான் அதைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

செல்போனில் இல்லாத விளையாட்டா என்று கேட்பீர்கள். இது போன் இல்லை, மேஜைக் கம்ப்யூட்டரையே சுருக்கிக் கைக்குள் வைத்தது. மேஜைக் கம்ப்யூட்டரில் ஓடுகிற ஆட்டங்கள் அநேகமாக இதிலும் ஓடும். இந்த வருஷம் வந்த ஆட்டமும் ஓடும், நான் பாவாடை சட்டை போட்டுத் திரிந்த காலத்து ஆட்டமும் ஓடும். என்னை இழுத்தது இந்த இரண்டாவதுதான்.

1993 என்று நினைக்கிறேன். எங்கள் எதிர்வீட்டு மாமா துபாயிலிருந்து வரும்போது டி.வி.யில் சொருகி ஆடுகிற விளையாட்டுப் பெட்டி ஒன்று வாங்கி வந்திருந்தார். மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். அதன் மேல் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் என்று எண் அச்சடித்திருக்கும், உள்ளே பார்த்தால் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டு ஆட்டங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. என் அண்ணனும் அவன் கூட்டாளிகளும் முன்னால் உட்காருவார்கள். நாங்கள் பெண்பிள்ளைகள் கதவோரம் நிற்போம். "எனக்கு ஒரு ஆட்டம் குடுண்ணே" என்றால், "இரு இரு, இவன் முடிச்சதும்" என்பான். இவன் முடித்தால் அவன், அவன் முடித்தால் இன்னொருவன். அதற்குள் அம்மா கூப்பிட்டுவிடுவாள், தண்ணீர் எடுக்க. எங்கள் பக்கம் தண்ணீர் எடுப்பது என்றால் சும்மா குழாயைத் திறப்பது இல்லை என்பது அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பெண்களுக்குத் தெரியும். நாலு குடம் எடுத்துவிட்டுத் திரும்பினால் டி.வி.யை அணைத்திருப்பார்கள்.

அப்படிப் பார்த்துக்கொண்டே நின்றதில் ஒரு லாபம். 'கான்ட்ரா' என்று ஒரு சண்டை ஆட்டம். ஜப்பானில் கொனாமி கம்பெனி செய்தது. ஆடுகிறவனுக்கு மூன்றே உயிர். ஆனால் ஆட்டம் தொடங்குமுன் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று பொத்தான்களை அமுக்கினால் முப்பது உயிர் கிடைக்கும். அண்ணன் இதை மந்திரம் போல முதுகைத் திருப்பிக்கொண்டு அமுக்குவான். நான் அவன் தோள் மேலாக எட்டிப் பார்த்துப் பாடம் பண்ணிவிட்டேன். அந்த மந்திரம் பிறந்த கதையைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அதே கம்பெனியில் கசுஹிசா ஹஷிமோட்டோ என்பவர், 1985-ல் வந்த 'கிரேடியஸ்' என்ற ஆட்டத்தை வீட்டு மெஷினுக்கு மாற்றிக்கொண்டிருந்தாராம். சோதித்துப் பார்க்கும்போது அவராலேயே அந்த ஆட்டத்தை ஜெயிக்க முடியவில்லை! அதனால் தனக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழிதான் உலகமெல்லாம் பரவியது. அவர் 2020-ல் காலமானார்.

சென்ற வருஷம் மகன் கான்ட்ராவைப் போட்டுக் கொடுத்தபோது, அவன் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் என் கட்டைவிரல் அந்தப் பத்து அமுக்கையும் அமுக்கிவிட்டது. முப்பது உயிர்! "அம்மா, உனக்கு எப்படித் தெரியும்?" என்று வாயைப் பிளந்தான். முப்பது வருஷத்துக்கு மேல் கையில் தேங்கிக் கிடந்தது அது.

ஆனால் அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்குள் அவ்வளவு சுலபமாக நுழைந்துவிடவில்லை. அதைச் சொல்லாமல் மேலே போனால் சரியாக இருக்காது.

என் கொழுந்தன், அதாவது என் வீட்டுக்காரரின் தம்பி, நல்ல உழைப்பாளி. கொரோனா ஊரடங்கில் மில் வேலை நின்றுபோய் வீட்டில் இருந்தபோது போனில் ரம்மி ஆட ஆரம்பித்தார். முதலில் ஐந்நூறு வந்தது, அப்புறம் ஆயிரத்து இருநூறு வந்தது. மனைவிக்கு ஒரு சேலையும் பிள்ளைக்கு ஒரு சைக்கிளும் வாங்கினார். அதற்குப் பிறகு வந்ததை யாரும் பார்க்கவில்லை; போனதைத்தான் பார்த்தோம். ராத்திரியெல்லாம் வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவாராம். கூட்டுறவு நகைக்கடன், கைமாற்று, வட்டிக்கு வட்டி. கடைசியில் என் மாமனார் கிணறு வெட்டிப் பருத்தியும் கம்பும் விளைவித்த இரண்டு ஏக்கர் கரிசல் காடு கைமாறியது. பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வந்த அன்று என் மாமியார் சாப்பிடவில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஒரு நாள் நடுச்சாமத்தில் கிணற்று மேட்டில் தனியாக உட்கார்ந்திருந்த கொழுந்தனை, என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு அண்ணனும் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். அவர் இன்றைக்கு உயிரோடு, உழைத்துக் கடனை அடைத்துக்கொண்டு இருக்கிறார் என்பதே எங்களுக்குப் போதும்.

எங்கள் வீட்டில் மட்டும் நடந்த கதை இல்லை இது. தமிழ்நாட்டில் 2022-லேயே இதற்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமும் சட்டம் இயற்றியது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும், திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற பேதமில்லாமல் நடத்தக் கூடாது. மீறி நடத்தினால் மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது அது. எங்கள் இரண்டு ஏக்கர் போன பிறகு வந்த சட்டம். வராததற்கு வந்ததே மேல்.

அப்படிப்பட்ட வீட்டில், 2025 பொங்கலுக்கு ஊருக்கு வந்த மகன் பையிலிருந்து இந்தப் பெட்டியை எடுத்து வைத்தால் எப்படி இருக்கும்! என் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்றைக்கு, "அந்தச் சனியனை இந்த வீட்டுக்குள்ள வைக்காத. போறப்ப கொண்டுபோயிரு" என்றார். மகன் பதில் பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். கரும்பு சாத்தி வைத்திருந்த மூலையில் பெட்டியும் கிடந்தது. இரண்டு நாள் அப்பாவும் மகனும் பேச்சு இல்லை.

மாட்டுப்பொங்கல் அன்று சாயந்திரம் என் மாமியார்தான் பேரனைக் கூப்பிட்டார்.

"ஏய்யா, அதுல என்னதான்யா இருக்கு? ரம்மியா?"

"இல்ல அப்பத்தா. பழைய ஆட்டம், புது ஆட்டம் எல்லாம் இருக்கு. சீட்டே கிடையாது."

"ஆடுறதுக்குக் காசு கட்டணுமா?"

"வாங்குறப்ப ஒரு தடவை குடுத்தாச்சு. அதோட சரி."

"தோத்தா?"

"செத்துப்போவான்."

மாமியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாருலே?"

"இந்தப் பொம்மைதான் அப்பத்தா! திரும்ப மொதல்ல இருந்து ஆடலாம்."

"செயிச்சா என்ன குடுப்பாக?"

"ஒண்ணும் குடுக்க மாட்டாக."

மாமியார் கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "தோத்தா ஒண்ணும் போகாது, செயிச்சா ஒண்ணும் வராதுங்கான். அப்ப இது தாயம்தானப்பா. நானும் உங்கப்பனும் சிவராத்திரிக்கு விடியவிடிய ஆடலையா? இதுக்குப் போய் புள்ளைய வையிற" என்றார். என்னிடம் திரும்பி, "ஏத்தா, நீ வாங்கிப் பாரு. உனக்கு இல்லாத பொழுதா" என்றும் சொல்லிவிட்டார். இரண்டு ஏக்கர் இழந்தவர் வாயிலிருந்தே வந்த தீர்ப்பு. அதற்கு மேல் அவரால் என்ன பேச முடியும்?

ஆனாலும் அவருடைய பயம் நியாயமானது என்பதால் மகனிடம் கண்டிப்பாகச் சொல்லி இரண்டு ஏற்பாடு செய்துகொண்டேன். பெட்டியில் எந்த வங்கிக் கார்டு எண்ணையும் பதிந்து வைக்கவில்லை. புதிய ஆட்டம் வாங்குவதென்றால் ரகசிய எண் போட வேண்டும், அது மகனிடம்தான் இருக்கிறது. இளம் தாய்மார்களே, உங்கள் போனை எடுத்துக் குழந்தை ஆடுகிற 'இலவச' ஆட்டங்களில்தான் இந்தக் கண்டிப்பு இன்னும் அவசியம். ஆட்டம் இலவசம், ஆனால் உள்ளே வைரம், காசு, உடுப்பு என்று விற்பார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது நிஜப் பணம் என்று எப்படித் தெரியும்? வாங்குவதற்கு ரகசிய எண் கேட்கும்படி போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

பழைய ஆட்டங்களில் என் மாமியாருக்குப் பிடித்தது 'பேக்மேன்'. அவர் வைத்த பெயர் 'முழுங்கி'. மஞ்சள் வட்டம் ஒன்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு சந்து பொந்தெல்லாம் புள்ளிகளைத் தின்றுகொண்டே போகும். நாலு பேய்கள் துரத்தும். 1980-ல் ஜப்பானில் நாம்கோ கம்பெனியில் தோரு இவாதானி என்பவர் செய்தது. அந்தக் காலத்து விளையாட்டுக் கூடங்களில் சுட்டுத் தள்ளுகிற ஆட்டங்களும் ஆண்பிள்ளைகள் கூட்டமுமாக இருந்தனவாம். பெண்களும் வந்து ஆட வேண்டும் என்று யோசித்துத்தான், சண்டையை விட்டுவிட்டுச் சாப்பாட்டை வைத்து ஆட்டம் செய்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். பெண்கள் என்றால் சாப்பாடுதானா என்று எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனால் கதவோரம் நின்ற பெண்பிள்ளைகளைப் பற்றி ஜப்பானில் ஒருவர் 1980-லேயே நினைத்திருக்கிறார் என்பது மனதுக்கு ஆறுதலாக இருந்தது. பெண்களே செய்த ஆட்டங்களும் அப்போதே இருந்தன. அமெரிக்காவில் கரோல் ஷா என்ற பெண் 1982-ல் 'ரிவர் ரெய்டு' என்ற விமான ஆட்டத்தை எழுதிப் பெயர் வாங்கினார்.

எனக்கு மட்டும் தனியாகப் பிடித்தது 'டெட்ரிஸ்'. மேலிருந்து கட்டிகள் விழும். திருப்பித் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் மறைந்துவிடும். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் செய்தது. சின்ன அடுக்களையில் சாமான் அடுக்கிப் பழகிய எந்தப் பெண்ணுக்கும் இது பத்து நிமிஷத்தில் வந்துவிடும். தீப்பெட்டி அளவு அலமாரியில் நாம் அடுக்காததா?

டெட்ரிஸைப் பற்றி டாக்டர்கள் ஆராய்ந்தது ஒன்று இருக்கிறது. இந்தப் பத்திரிகையைப் படிக்கும் இளம் தாய்மார்களுக்கு அது உபயோகப்படும். ஆக்ஸ்ஃபோர்டில் எமிலி ஹோம்ஸ் என்பவரும் கூட இருந்தவர்களும் 2009-ல் ஒரு சோதனை செய்தார்கள். மனதைப் பதற வைக்கும் படத்தைப் பார்த்துவிட்டு டெட்ரிஸ் ஆடியவர்களுக்கு, அந்தக் காட்சிகள் திடீர் திடீரென்று கண்முன் வந்து நிற்பது குறைந்ததாம். கண்ணால் வடிவங்களைத் திருப்பிப் பார்ப்பதிலேயே மூளை மும்முரமாக இருப்பதால் அந்தக் காட்சி ஆழமாகப் பதிவதில்லை என்பது அவர்கள் விளக்கம். 2017-ல் வெளியான இன்னொரு ஆராய்ச்சி சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்தில் நடந்தது. அவசரமாக சிசேரியன் செய்ய நேர்ந்த 56 தாய்மாரில் ஒரு பகுதியினரை, ஆபரேஷன் முடிந்த ஆறு மணி நேரத்துக்குள் கால் மணி நேரம் டெட்ரிஸ் ஆட வைத்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில் பிரசவத்தின் பயங்கர நினைவுகள் அவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவாக வந்தன. 56 பேர் என்பது சின்னக் கணக்குதான். இதை மருந்து என்று நான் சொல்லவில்லை. கெட்ட நினைவுகள் வாட்டினால் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். ஆனால் ஆபரேஷன் தியேட்டர் வெளிச்சம் மாதக்கணக்கில் கண்ணை விட்டுப் போகாமல் தவித்த பெண்களை எங்கள் ஊரிலேயே எனக்குத் தெரியும். "பிள்ளைதான் நல்லபடியா பிறந்துட்டதே, இன்னும் என்ன?" என்று அவர்களை வாயடைத்துவிடுவோம். எங்கேயோ ஒரு ஊரில் அதை ஒரு கஷ்டம் என்று எடுத்துக்கொண்டு ஆராய்கிறார்களே!

பழைய ஆட்டம் புதிய பெட்டியில் எப்படி ஓடுகிறது? இரண்டு வழி. ஒன்று, பழைய மெஷினைப் போலவே நடிக்கும் எமுலேட்டர் என்ற புரோகிராம். கூத்தில் ஒரே ஆள் ராஜா வேஷமும் போட்டு ராணி வேஷமும் போடுவதில்லையா, அது மாதிரி. ஆனால் ஆட்டத்தை எங்கிருந்தோ காசில்லாமல் இறக்கிப் போட்டுக்கொள்வது சட்டப்படி சரியில்லை. பழையது என்றாலும் உரிமை அந்தக் கம்பெனிக்குத்தான். இரண்டாவது வழி, கம்பெனிகளே பழைய ஆட்டங்களைத் தொகுத்துப் புதுக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி விற்பது. கான்ட்ரா தொகுப்பு 2019-ல் வந்தது, பேக்மேன் தொகுப்பு 2022-ல். நாங்கள் வாங்கியது இப்படித்தான். மாரியோ மட்டும் இந்த வழியில் கிடைக்காது. நின்டென்டோ கம்பெனி அதைத் தன் சொந்த மெஷினுக்கு மட்டுமே வைத்திருக்கிறது. 1889-ல் ஜப்பானில் சீட்டுக்கட்டு செய்ய ஆரம்பித்த கம்பெனி அது. 'சீட்டே கிடையாது' என்ற என் மகனுக்கு இது தெரிந்தபோது, அப்பத்தாவிடம் சொல்லாதே என்று கண்ணைக் காட்டினான்.

ஒரு விஷயம் மனதைக் கொஞ்சம் உறுத்துகிறது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த ஆட்டங்களில் நூற்றுக்கு 87 இன்று கடையில் வாங்கக் கிடைக்காது என்று 2023-ல் ஒரு கணக்கெடுப்பு சொன்னது. எங்கள் ஊரில் பல்லாங்குழிக்கும் ஆடுபுலி ஆட்டத்துக்கும் கூட இந்தக் கதிதான். கோயில் திண்ணையில் செதுக்கிய கட்டம் இருக்கிறது, காய் நகர்த்தத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

புதிய ஆட்டங்களில் நான் இரண்டே இரண்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மற்றதெல்லாம் ரத்தக்களறி, எனக்கு ஒத்துவரவில்லை.

முதலாவதன் பெயர் 'வெண்பா'. ஆமாம், நம் செய்யுள் வெண்பாவேதான்! மதுரையில் 1901-ல் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் எங்கள் பாலவனத்தம் ஜமீன்தார். ஆகவே அந்தப் பெயரைப் பார்த்ததும் எங்கள் ஊர்க்காரி எவளும் நின்றுதான் பார்ப்பாள். கனடாவில் டொராண்டோவில் இருக்கும் 'விசை கேம்ஸ்' என்ற சிறிய குழு செய்து, 2023 ஜூலை 31-ல் வெளியிட்டது. 1988-ல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபோன ஒரு பெண்ணின் கதை. அவள் பெயர் வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின். சண்டை இல்லை, துப்பாக்கி இல்லை. சமைப்பதுதான் ஆட்டம். அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விட்டுப்போன வரியை நாமே யோசித்துக் கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் சின்ன ஆட்டம்தான். 2024-ல் இங்கிலாந்தின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் படைப்பு என்ற பரிசு வாங்கியது.

முதலில் இட்லி. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பது புதிர். என் மகன், நாலு வருஷம் இன்ஜினீயரிங் படித்தவன், தப்பாக அடுக்கினான். மறுபடி தப்பு. "குறிப்பு கிழிஞ்சுபோச்சும்மா, எப்படித் தெரியும்?" என்றான். குழிக்கு நேர் மேலே குழி வந்தால் கீழ்த்தட்டு இட்லியை மேல்தட்டு அமுக்கும், மாற்றி வைக்க வேண்டும் என்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகமா? பெட்டியை வாங்கி ஒரே தடவையில் முடித்தேன். 24 வருஷமாக மூன்று வேளையும் சாப்பிட்டிருக்கிறான், ஒரு நாளாவது இட்லிப் பானைக்குள் எட்டிப் பார்த்ததில்லை!

பிறகு புட்டு, பிரியாணி என்று போகிறது. எழுத்தெல்லாம் இங்கிலீஷில் வந்த இடங்களை மகன் படித்துச் சொன்னான்; படித்துச் சொல்லாமலே எனக்குப் புரிந்த இடங்கள்தான் அதிகம். கவின் வளர வளர வீட்டுச் சாப்பாடும் தமிழும் அவனுக்குக் கூச்சமாகிவிடுகின்றன. வெண்பா வித விதமாகச் சமைத்து வைத்துவிட்டு மகனுக்காகக் காத்திருக்கும் கட்டம் ஒன்று வருகிறது. அந்த இடத்தில் என் மகன் படித்துச் சொல்வதை நிறுத்திவிட்டான். நானும் 'என்னப்பா போட்டிருக்கு?' என்று கேட்கவில்லை. பெங்களூருக்குப் போன புதிதில் தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை என்று கடைசி நேரத்தில் சொன்னானே, அன்று நான் சுட்டு வைத்திருந்த அதிரசம் எங்கள் இரண்டு பேர் ஞாபகத்திலும் இருந்தது.

கடைசிப் பகுதியில், வளர்ந்த கவின் அம்மாவின் நோட்டை வைத்துக்கொண்டு சமைக்கப் பார்க்கிறான். தமிழ் எழுத்து சரியாகப் படிக்க வரவில்லை. என் மகன் தமிழ் நன்றாகவே படிப்பான். ஆனாலும் 'சாப்டியாம்மா' என்பதைக் கூட போனில் இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்கிறான். வெண்பா ஆடி முடித்த ராத்திரி, "அம்மா, கானத் துவையல், கருவாட்டுக் குழம்பு, கம்பங்கூழ் எல்லாம் ஒரு நோட்டுல எழுதிக் குடேன்" என்றான். நாற்பது பக்க நோட்டில் எழுதிக் கொடுத்தேன். அளவு எழுதத்தான் கை வரவில்லை. உப்பு எவ்வளவு என்று கேட்டால் என்ன சொல்வது, 'கையால் எடுத்தால் தெரியும்' என்றுதான் எழுதினேன். அவன் பெங்களூரில் அதை வைத்துக்கொண்டு என்ன பாடுபடுகிறானோ!

இனி உடம்பைப் பற்றி. இந்தப் பொழுதுபோக்கு பழகினால் கண், கட்டைவிரல், கழுத்து மூன்றையும் கவனித்தே ஆக வேண்டும். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்து கண் வறண்டுபோகும். எங்கள் ஊர்ப் புழுதிக் காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம், இருபதடி தூரத்தில் இருக்கிற எதையாவது இருபது விநாடி பார்க்கச் சொல்கிறார்கள் கண் டாக்டர்கள். நான் வாசல் வேப்பமரத்தைப் பார்ப்பேன். நாற்பது தாண்டியவர்கள் படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டே ஆடுங்கள். சில ஆட்டங்களில் எழுத்தைப் பெரிதாக்கும் வசதியும் உண்டு.

கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கம் வலி வந்தால் அலட்சியம் வேண்டாம். அங்கே உள்ள தசைநாண் உறை வீங்குவதால் வருவது அது. கைக்குழந்தையைத் திரும்பத் திரும்ப அக்குளில் கை கொடுத்துத் தூக்கும் தாய்மாருக்கு இந்த வலி சாதாரணமாகவே வரும். அத்துடன் விளையாட்டுப் பெட்டியும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? பிள்ளைப்பால் கொடுக்கும் மாதங்களில், வலி இருந்தால் பெட்டியைத் தொடாதீர்கள். நான் மடியில் தலையணை வைத்து முழங்கைகளை அதில் ஊன்றிக்கொள்வேன். கழுத்து குனிய வேண்டியதில்லை, பாரமும் தெரியாது. பெட்டியின் முதுகைத் தலையணையில் புதைக்கக் கூடாது. காற்றுத் துவாரம் அடைத்துச் சூடேறிவிடும். அக்கினி நட்சத்திரத்தில் எங்கள் ஊர் வெயிலுக்கு அது விளக்கெண்ணெய் ஊற்றாமலே கொதிக்கும்.

இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. அழுகையை நிறுத்த போனைக் கையில் திணிக்கிற பழக்கம் எங்கள் தெருவிலும் வந்துவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை, என் பெட்டியை எந்தக் குழந்தைக்கும் நான் தருவதில்லை. பெரியவர்களுக்கும் அளவு உண்டு. ஆட்டத்தை நிறுத்த முடியாமல், வேலை, தூக்கம், உறவு எல்லாவற்றுக்கும் மேலே அதுவே என்றாகி, கெடுதல் தெரிந்தும் மாதக்கணக்கில் தொடர்ந்தால் அது நோய் என்று அதே நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது. அந்த நோய் எப்படி இருக்கும் என்று எனக்குப் பட்டியல் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை.

குடும்பப் பெண்ணுக்கு இந்தப் பெட்டி ஏன் தோதாக இருக்கிறது என்றால், நம் பொழுது துண்டு துண்டானது. குக்கர் விசில் அடிக்கும், பால்காரர் மணி அடிப்பார், மாமியார் கூப்பிடுவார். அப்போது ஒரு பொத்தானை அமுக்கினால் ஆட்டம் நின்ற இடத்தில் நின்று தூங்கும். திரும்பி வந்து எழுப்பினால் அதே இடம், அதே உயிர். 1993-ல் நாலு குடம் தண்ணீர் எடுத்து வருவதற்குள் முடிந்துபோன ஆட்டம், இப்போது எனக்காகக் காத்துக் கிடக்கிறது. டி.வி.யும் வேண்டாம். அதில் பாட்டுக்கு மாமியாரின் சீரியல் ஓடும்.

நான் சொல்ல வந்த இரண்டாவது புது ஆட்டம் 'ராஜி'. புனே நகரத்தில் 'நாடிங் ஹெட்ஸ்' என்ற குழுவினர் செய்தது, 2020-ல் வந்தது. ராஜி என்ற சின்னப் பெண், அசுரர்கள் தூக்கிக்கொண்டுபோன தம்பி கோலுவைத் தேடிப் போகிறாள். துர்க்கை அவளுக்குச் சூலம் தருகிறாள். கோட்டை, கோயில், மண்டபம், தோரணம் எல்லாம் நம் ஊர்ச் சித்திரம் மாதிரி அவ்வளவு அழகு. வெண்பா எனக்குத் தண்ணீர்பட்ட பாடு, ராஜி அப்படியில்லை. தாவ வேண்டும், தூணில் ஏற வேண்டும், சூலத்தைச் சுழற்ற வேண்டும். இரண்டு கட்டைவிரலும் இரண்டு பக்கம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மூன்று வாரமாக ஒரு அசுரனிடம் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, "எந்தப் பக்கம் அடிக்கணும்னு சொல்லட்டுமாம்மா?" என்றான் மகன். வேண்டாம் என்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்து ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று, "அவன் கையை ஓங்குறப்ப இடது பக்கம் ஒதுங்கு" என்றார். ஒதுங்கிப் பார்த்தேன், கொஞ்சம் கூட நேரம் தாக்குப் பிடித்தேன். தம்பி கோலு இன்னும் கிடைக்கவில்லை.